வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெள்ளைப்புள்ளி இல்லை

மாயவரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "ராத்திரியிலேருந்து காய்ச்சல் சார், ஏதாவது மாத்திரை குடுங்க" என்று வருகிறவர்களிடம் எத்தனை நாளாக, இருமல் இருக்கிறதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அப்படிப்பட்டவன் வீட்டு மாடியில் ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்தை ஊற்றி, கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கிய இரண்டு க்ளவுன் கடல்மீன்களைச் சாகடித்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது வாட்சப்பில் மங்கலாக ஒரு போட்டோ அனுப்பி, "அண்ணே, ஒயிட் ஸ்பாட், காப்பர் எவ்வளவு போடணும்?" என்று வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்தின் அளவைக் கேட்டால் அந்த இரண்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே.

அந்த மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தன. விடியற்காலை நாலே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டில் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புதிதாக வரும் மீனை முதலில் தனியாக வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டி தயாராகத்தான் இருந்தது. அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டி, அடியில் மணல் கிடையாது, ஒளிந்துகொள்ள பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி எல்போ இரண்டு, பெரிய தொட்டியில் ஒன்றரை மாதம் ஊறி நல்ல பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. ஹீட்டரெல்லாம் நம் ஊருக்குத் தேவையில்லை, சித்திரை மாதத்தில் தண்ணீரைச் சூடு இறக்குவதுதான் பாடு.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. பையைத் திறந்து, பழைய பழக்கப்படி இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தேன். எட்டு ஒன்பது மணி நேரம் கட்டிய பைக்குள் மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் இறங்கியிருக்கும். பிஹெச் இறங்கியிருக்கும் வரைக்கும் கழிவில் சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு தொந்தரவு இல்லாமல் கிடக்கும். பையைத் திறந்தவுடன் அந்த வாயு வெளியேறுகிறது, பிஹெச் ஏறுகிறது, அதே அம்மோனியா விஷமாக மாறுகிறது, மீன் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பயணம் செய்து வந்த மீனுக்குச் செய்ய வேண்டியது வேறு. அனுப்புகிறவரிடம் தண்ணீரின் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்து, பையின் சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடலாம்.

மூன்றாம் நாள் காலை பெரிய க்ளவுனின் விலாப் பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வெள்ளை என்றால் வெள்ளைப்புள்ளி, வெள்ளைப்புள்ளி என்றால் காப்பர். வேறு யோசனையே ஓடவில்லை. காப்பரை அளந்து ஊற்றிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது, அது புள்ளியே இல்லை. ஆறின கஞ்சியின் மேல் ஆடை படியுமே, அந்த மாதிரி ஒரு படலம். வால் பக்கம் அது உரிந்து நூல் நூலாகத் தொங்கியது. மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ராத்திரியே போய்விட்டது.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் தம்பி ஒருவர் சீர்காழிப் பக்கம் ஓர் இறால் லேபில் வேலை செய்கிறார். மறுநாள் காலையில் அவருக்குப் போன் செய்து, செத்த மீனை ஐஸில் வைத்து எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "மீனுக்கு ஒயிட் ஸ்பாட்" என்று நான் சொன்னதும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நம் கடற்கரையில் குட்டை வைத்திருப்பவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் வெளுத்துவிடும். இறாலில் ஒயிட் ஸ்பாட் என்பது வைரஸ், வந்தால் ஒரு வாரம் பத்து நாளில் குட்டையே காலி, மருந்தும் கிடையாது. கடல்மீனின் வெள்ளைப்புள்ளி கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியால் வருவது, ஒரே செல், சுற்றிலும் மயிரிழைகள். நன்னீர் மீனின் வெள்ளைப்புள்ளிக்கு இக் என்று இன்னொரு ஒட்டுண்ணி. பெயர் ஒன்று, ஆசாமி மூன்று. இதை நான் விளக்கி முடித்ததும் தம்பி சிரித்துவிட்டுச் சொன்னார்: "செத்ததைக் கொண்டு வந்து என்னண்ணே பண்றது? உயிர் போன கொஞ்ச நேரத்துல எல்லாம் எறங்கிப் போயிடும். ஐஸ்ல வச்சா மிச்சமும் போச்சு. உயிரோட இருக்கிறதை எடுத்துட்டு வாங்க."

மூடி போட்ட வாளி, அதில் பேட்டரி ஏரேட்டர், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வாளியை மடியில் பிடித்துக்கொள்ளக் கடைப் பையன். சிறிய க்ளவுனை அப்படித்தான் கொண்டுபோனோம். தம்பி ஈரக் கையுறையோடு மீனைப் பிடித்து, கவர்ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடிச் சில்லின் விளிம்பால் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாக, செதில் போகும் திசையிலேயே ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் ஒட்டிய சளியை ஸ்லைடில் வைத்து, வாளியிலிருந்தே ஒரு சொட்டு தண்ணீர் விட்டார். குழாய்த் தண்ணீர் விட்டால் பார்க்க வேண்டியவை வெடித்துப்போகும். மீன் வெளியே இருந்தது பத்து செகண்டுகூட இருக்காது. லென்ஸில் பார்த்தால், சிறுநீரக வடிவில், பயறு மாதிரி வளைந்து, தட்டையாக, வழுக்கிக்கொண்டு திரிகின்றன நூற்றுக்கணக்கில். புரூக்ளினெல்லா. க்ளவுன் மீன்களிடம் அதிகமாக வருவதால் க்ளவுன் நோய் என்றே அதற்குப் பெயர் உண்டு. அதற்குக் காப்பர் வேலை செய்யாது. நான் ஊற்றிய மருந்து நோயைத் தொடவேயில்லை, ஏற்கெனவே தோல் உரிந்துகொண்டிருந்த மீனுக்குக் கூடுதல் எரிச்சல் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதற்குரியது ஃபார்மலின் குளியல். 37 சதவீத ஃபார்மால்டிஹைடு உள்ள ஃபார்மலினில் பத்து லிட்டருக்கு ஒன்றரை மில்லி, அதாவது 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு), முக்கால் மணி நேரம், காற்று பலமாக ஓட வேண்டும். 250 வரை போகலாம் என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர்ந்த தண்ணீருக்கு. 30 டிகிரியில் கடல்நீர் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதே லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம்தான், ஃபார்மலின் அதையும் குறைக்கும். பாட்டிலின் அடியில் வெள்ளையாக வண்டல் தெரிந்தால் அந்த பாட்டிலைத் தொடாதீர்கள், அது மீனுக்கு இன்னும் கொடியது. உங்களுக்கும் அது நல்லதில்லை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறையோடு, மொட்டைமாடியில், குழந்தைகள் இல்லாத நேரத்தில். குளியல் முடிந்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது, புதுத் தண்ணீர் வைத்த வேறு தொட்டிக்குத்தான் போக வேண்டும். இத்தனையும் செய்தேன். நாள் கடந்துவிட்டதால் சிறியதும் மறுநாள் போய்விட்டது.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் மருந்தே இல்லாத சமாச்சாரம். தினமும் காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்னால் தொட்டி முன் உட்கார்ந்து பதினைந்து செகண்டு செவுள் மூடி எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணி, நாலால் பெருக்கி, மருந்துக்கடை கொடுக்கும் காலண்டரிலேயே குறித்து வைக்கிறேன். என் தொட்டியில் நன்றாக இருக்கும் சின்ன மீன்களுக்கு எழுபது எண்பதுக்குள் வருகிறது. மீனுக்கு மீன் இது மாறும், அதனால் என் எண்ணை வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை, உங்கள் மீனின் எண் உங்களுக்குத் தெரிய வேண்டும். திடீரென்று அது ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்மோனியாவை. டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் வந்தால்தான் செவுளில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நோய் தோலில் தெரிவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் செவுளில் இருக்கும்.

போன வருஷம் வந்த ப்ளூ டேங் என்ற மீன் அந்தக் காலண்டரால்தான் பிழைத்தது. ஐந்து நாள் சமர்த்தாகச் சாப்பிட்டது. ஆறாம் நாள் உணவைப் பார்த்துவிட்டு விலகியது, மோட்டார் தண்ணீர் தள்ளும் இடத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றது, விளக்கைப் போட்டால் எல்போவுக்குள் ஓடியது. எண்ணிப் பார்த்தால் 140. அம்மோனியா பூஜ்யம். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்து, மீன் திரும்பும் அந்த ஒரு கணத்தில், முதுகுத் துடுப்புக்குக் கீழே மஞ்சள் பொடியை விரலால் தூவிவிட்டாற்போல் ஒரு மினுமினுப்பு. உப்புக்கல் மாதிரி எண்ணக்கூடிய புள்ளி இருந்தால் அது வெள்ளைப்புள்ளி. எண்ண முடியாத தூசி என்றால் வெல்வெட், அமிலூடினியம். வெள்ளைப்புள்ளி உங்களுக்கு நாட்கணக்கில் நேரம் கொடுக்கும். வெல்வெட்டுக்கு மணிக்கணக்குதான்.

அன்று ராத்திரியே உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் முக்கினேன். குளோரின் இல்லாத தண்ணீர், தொட்டியின் அதே சூடு, ஆப்பசோடா போட்டு பிஹெச்சைத் தொட்டிக்குச் சமமாக ஏற்றி, காற்று ஓடவிட்டு. இது நோயைத் தீர்க்காது, செவுளில் இருக்கும் பாரத்தைக் கொஞ்சம் இறக்கும். பிறகு பழைய தொட்டிக்கு அனுப்பாமல், காப்பர் ஏற்கெனவே முழு அளவில் கலந்து வைத்த இரண்டாவது தொட்டியில் விட்டேன். மறுநாள் 132. மூன்றாம் நாள் 112. ஐந்தாம் நாள் நோரி என்ற கடல்பாசி இலையை ஒரு கடி கடித்தது. வீட்டில் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். முந்தின நாள் தான் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை என்றாள் அவள்.

காப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுக்க இங்கேதான். காப்பர் சல்பேட் என்பது நம் ஊர் மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக வெற்றிலைக் கொடிக்காலுக்கு அடிக்கிறார்களே, அதே நீலக்கல்தான். உரக்கடையில் வாங்கியதைத் தொட்டியில் போடாதீர்கள், லேப் தரத்தில் தனியாகக் கிடைக்கும். ஒரு கிராம் கல்லில் தாமிரம் கால் கிராம்தான், மீதி சல்பேட்டும் தண்ணீரும். ஒரு கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு கால் மில்லிகிராம் தாமிரம். அறுபது லிட்டர் தொட்டியில் 0.05 பிபிஎம் ஏற்ற மூன்று மில்லிகிராம் வேண்டும், அதாவது பன்னிரண்டு மில்லி கரைசல். வெள்ளைப்புள்ளிக்கு எட்ட வேண்டிய அளவு 0.15 முதல் 0.20. குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் போகும், இடைவெளி அவ்வளவு சின்னது. ஒரு நாளைக்கு ஒரு படியாக ஏற்றி, தினம் அளந்து பார்க்க வேண்டும்.

கடையில் பாட்டிலில் வரும் காப்பர் சிலது வேறு ஜாதி. கீலேட் என்பார்கள், தாமிரத்தை இன்னொரு வேதிப்பொருளோடு பிணைத்து வைத்தது, மெதுவாகத்தான் விடும், மீனுக்கும் கொஞ்சம் சாது. அதற்கு இலக்கு 2 முதல் 2.5 பிபிஎம். ப்ளூ டேங்குக்கு நான் போட்டது இதைத்தான். இரண்டு எண்ணுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். திருவாரூர்க்காரர் ஒருவர் எங்கோ 2.25 என்று படித்துவிட்டு மயில்துத்தத்தை அந்தக் கணக்கில் கரைத்து ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார், நான் போனை எடுப்பதற்குள் தொட்டியில் எதுவும் மிச்சமில்லை. இன்னொன்று, காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவை முறிக்கும் கண்டிஷனர் எதையும் ஊற்றக் கூடாது. அது தாமிரத்தை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதுதான் வழி, மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும். பவளக்கல், மணல், சிப்பி எதுவும் அந்தத் தொட்டியில் வேண்டாம், தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

காப்பர் போட்ட மூன்றாம் நாள் புள்ளி மறைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். மறைந்தது மருந்தால் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியைக் காப்பர் தொடுவதே இல்லை. அது மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுத்துவிட்டுத் தானாகவே கழன்று, கீழே விழுந்து, கூடு கட்டிக்கொள்கிறது. களை விதை வயலில் கிடக்கிற மாதிரி கிடந்து, ஒன்று மூன்று நாளில் வெடிக்கும், இன்னொன்று மாதம் கழித்து வெடிக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் இருநூறு வரை குஞ்சுகள் நீந்தி வரும். அந்த நீந்தும் பருவத்தில்தான் காப்பர் கொல்லும். அதனால் முப்பது நாள், குறையாமல். நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டது என்றால் அதில் ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாள் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். குறுவைக்கு விதை விட்டதிலிருந்து கதிர் தலைகாட்டும் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயந்துதான் நான் தனிமைத் தொட்டியைத் தாண்டி எதையும் உள்ளே விடுவதில்லை.

மருந்தே இல்லாமல் வெள்ளைப்புள்ளியை விரட்ட, மூன்று நாளுக்கு ஒருமுறை நாலு தடவை தொட்டி மாற்றும் முறை ஒன்றும் இருக்கிறது. உப்பளவை ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பங்காக இறக்கி வைக்கும் முறையும் இருக்கிறது. இரண்டும் வெல்வெட்டிடம் பலிக்காது, ஆகவே எது என்று தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

உப்பளவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் தரங்கம்பாடியில் போய் கேன் கேனாகக் கடல்நீர் பிடித்து வருவேன். ஐப்பசி மழை கொட்டி, காவிரியின் கிளைகளெல்லாம் நிரம்பிக் கடலில் விழும் சமயத்தில் கோட்டைக்கு எதிரே பிடித்த தண்ணீரை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 27. இருக்க வேண்டியது 35 பக்கம். பார்க்காமல் ஊற்றியிருந்தால் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தைத் தேடியிருப்பேன். இப்போது உப்புப் பொடி வாங்கி ஆர்ஓ தண்ணீரில் கலந்துகொள்கிறேன், செலவுதான்.

தோல் புழுவைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் சுலபம், பார்க்கவும் விசித்திரமாக இருக்கும். மீன் எல்போவில் உடம்பைத் தேய்க்கும், கண் மங்கும், மற்றபடி ஒன்றும் தெரியாது, ஏனென்றால் புழு கண்ணாடி மாதிரி. நல்ல தண்ணீரில் முக்கும் பாத்திரம் கறுப்பாக இருக்கட்டும். இரண்டாம் நிமிஷத்தில் மீனின் மேல் அதுவரை இல்லாத வெள்ளை எள் தோன்றும், புழு செத்து வெளுக்கிறது, பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் கிடக்கும். ஒரு பட்டாம்பூச்சி மீனிலிருந்து பதினொன்று எண்ணினேன். இதற்கு பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம், முட்டையை அது கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும். முட்டைக்கு நீண்ட நூல் வால் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும், வலையையும் காய வையுங்கள். நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையில் இதோடு வேறு இரண்டு மருந்து சேர்ந்திருக்கும், என்னிடம் அதைக் கேட்டு வந்தால் தரமாட்டேன்.

கடைசியாக டாக்ஸிசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் நண்பர்களுக்கு. டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பாலோடு சாப்பிடாதீர்கள் என்று கவுண்டரில் சொல்கிறோம், பாலின் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால். கடல்நீரிலும் கால்சியமும் மெக்னீசியமும் ஏராளம். தண்ணீரில் கொட்டினால் பெரும்பகுதி வீண், ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி இலவசம். ரணமும் சிவப்பும் தெரிந்தால்கூட உடனே பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது, க்ரோமிஸ் மீனின் விலாவில் வரும் சிவந்த புண் பெரும்பாலும் யூரோனீமா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. துடுப்பில் காலிஃப்ளவர் மாதிரி முளைத்திருந்தால் அது வைரஸ். நல்ல சாப்பாடு போட்டு விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகப் போகும்.

இதை எழுதும்போது தனிமைத் தொட்டியில் மஞ்சள்வால் டேம்சல் மீன் ஒன்று இருக்கிறது. பதினோராம் நாள். நேற்று 80, இன்று காலை 84. வாலின் நுனியில் வெள்ளையாக ஒரே ஒரு புள்ளி, காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தபோது இல்லை. காப்பர் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாதாம், நாளைக்குக் காலையில் வாளியோடு வரச் சொன்னார்.